அம்மாவை நான் பார்க்கிறேன், என்னை அண்ணாவின் மணிக்கூடு பார்க்கிறது

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

சகோதரிக்கு 46 வயது. கணவர் நெல் ஏற்றும் லொறியில் வேலை. கிழமையில் இரண்டு நாள் வீட்டில் நின்றால் பெரிது. மகள் உயர்தரம் படிக்கிறாள். 76 வயதுத் தாய்க்கு மறதி வருத்தம், அதாவது டிமென்ஷியா. பகலில் பெரும்பாலும் கதிரையில் தூங்கி வழிவார். பொழுதுபட்டதும் அலமாரியைத் திறந்து உடுப்புகளைச் சேலையில் மூட்டை கட்டத் தொடங்குவார். எறிகணை விழப்போகிறது என்று நினைத்து, "செல் வருது, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பங்கருக்குள்ள போ" என்று நடுச்சாமத்தில் எல்லோரையும் எழுப்புவார். 2009இல் கடைசிச் சண்டைக்குள்ளிருந்து மாத்தளன் வழியாக வெளியே வந்த குடும்பம் அது. வளவில் கட்டு உடைந்த கிணறு இருக்கிறது. பின்வேலிக்கு அப்பால் யானை வந்துபோகிற காடு. அதனால் சகோதரி வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறார்.

கனடாவில் இருக்கும் அண்ணா, ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் ஒரு ஸ்மார்ட் வோச் கொடுத்தனுப்பினார். "அம்மாவைப் பார்க்கிற உன்னை ஆர் பார்க்கிறது" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். கணக்கைத் தன்னுடைய மின்னஞ்சலில் திறந்ததால், சகோதரியின் நித்திரை, இதயத் துடிப்பு, நடை எல்லாம் ரொறன்ரோவில் அவருடைய போனில் தெரிகிறது. "நேற்று ரெண்டு மணித்தியாலம் ஏன் கழட்டி வைச்சனி?" என்று கேட்டு எடுக்கிறார். அம்மாவைக் குளிப்பாட்டினேன் என்று இவர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. மணிக்கூடு மன அழுத்தம் 87 என்று சிவப்பில் காட்டுகிறது. ஓர் இரவு அம்மா "செல் வருது" என்று கையைப் பிடித்து இழுத்தபோது துடிப்பு 112க்குப் போக, "உடற்பயிற்சி தொடங்கிவிட்டீர்களா?" என்று கேட்டதாம். ஆனால் பிரஷரை மட்டும் எப்போதும் 118க்கு 76, 121க்கு 79 என்று நல்லபடியாகவே காட்டுவதால், மூன்று மாதமாகக் கிளினிக்குக்குப் போகவில்லை, பிரஷர் குளிசையும் முடிந்துவிட்டது.

அவர் கேட்பவை: என் இதயம் பழுதாகிவிட்டதா? மணிக்கூட்டைக் கட்டியிருந்தால் மாரடைப்பு வருமுன் சொல்லுமா? அண்ணா எல்லாவற்றையும் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை, இது நன்றிகெட்டதனமா? அம்மாவுக்கும் ஒன்று அனுப்புகிறேன் என்கிறார், வாங்கலாமா? கடைசியாக, பட்டிக்குக் கீழே கையில் சொறி வந்திருக்கிறது, என்ன பூசலாம்?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்கப் போவதில்லை. நீங்கள் கேட்காத ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது.

முதலில் குளிசை

குளிசை முடிந்ததைக் கடிதத்தின் நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்குப் பயம் தந்த வரி அதுதான். 87ஐப் பார்த்துப் பயந்த நீங்கள் 118ஐப் பார்த்து ஆறுதலடைந்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்த இரண்டில் உங்களுக்குக் கெடுதல் செய்தது 118தான்.

மேற்கையில் பட்டி சுற்றிக் காற்றடிக்கிற கருவி இரத்தக் குழாயை அழுத்திப் பார்த்து அளக்கிறது. மணிக்கூட்டில் அப்படி எதுவும் இல்லை. அதன் பின்பக்கத்தில் மினுங்குகிற பச்சை வெளிச்சம், தோலுக்குக் கீழே இரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவதைப் பார்க்கிறது. அதை வைத்துத் துடிப்பை எண்ணலாம். பிரஷரை ஊகிக்கத்தான் முடியும். அந்த வசதியைத் தருகிற சாம்சுங் மணிக்கூடுகளிலேயே, முதலில் பட்டிக் கருவியால் அளந்த இலக்கத்தைக் கொடுத்து, 4 கிழமைக்கு ஒருமுறை திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்று கம்பனியே சொல்கிறது. உங்களுடையதை ஒருவரும் ஒருநாளும் அப்படிச் சரிபார்க்கவில்லை. மலிவான மணிக்கூடுகளில் சில, எந்தக் கையில் கட்டினாலும் 120க்கு 80ஐச் சுற்றியே நிற்கும். இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஊசி குத்தாமல் சீனி பார்க்கும் என்று விற்கிற மணிக்கூடுகளையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. அப்படி ஒன்றுக்கும் அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. உங்கள் தெருவில் சீனி வருத்தக்காரர் யாராவது அப்படி ஒன்றைக் கட்டித் திரிந்தால் சொல்லிவிடுங்கள்.

குளிசை போடுகிற காலத்தில் பிரஷர் சரியாக இருந்தால், அது குளிசை செய்கிற வேலை. நிறுத்தினால் பெரும்பாலும் ஏறும், ஏறுவது தெரியாது. தலையிடி வந்தால்தான் பிரஷர் என்று எங்கள் சனம் நினைக்கிறது. அநேகமாக எந்த அறிகுறியும் இருக்காது. சத்தமில்லாமல் கெடுகிற உறுப்புகளில் சிறுநீரகம் ஒன்று, வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே எவ்வளவு வீடுகளில் இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இந்தக் கிழமைக்குள் கிளினிக் கொப்பியோடு போங்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போக அம்மாவை விட ஆளில்லை என்றால் கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலைக்காவது போங்கள். 35 வயது கடந்தவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். போவதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்து தேத்தண்ணி வேண்டாம். பஸ்ஸால் இறங்கி ஓடிப்போய்க் கையை நீட்டாமல், ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து இருந்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். பழைய குளிசையைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

மாரடைப்புக்கு முன் மணிக்கூடு சொல்லுமா என்று கேட்டீர்கள். சொல்லாது. இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிற மணிக்கூடுகள் இருக்கின்றன. அப்பிள் மணிக்கூட்டுக்கு 2018இல் அமெரிக்காவில் அந்த அனுமதி கிடைத்தது. ஆனால் அது தேடுவது ஒருவகை ஒழுங்கற்ற துடிப்பை. அப்பிள் மணிக்கூடு கட்டிய ஏறத்தாழ 419,000 பேர் கலந்துகொண்ட ஓர் ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. அவர்களில் 0.52 வீதமானவர்களுக்குத்தான் எச்சரிக்கை போனது. எச்சரிக்கை வந்தவர்களில், நெஞ்சில் ஒட்டுகிற கருவியைப் போட்டுத் திரும்பிக் கொடுத்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, 34 வீதமானவர்களுக்கு அந்த ஒழுங்கற்ற துடிப்பு பதிவாகியிருந்தது. மாரடைப்பை இந்த மணிக்கூடு கண்டுபிடிக்காது என்று கம்பனியே எழுதியிருக்கிறது.

பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுகிற மாதிரி வராது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ முதுகுக்கோ கைக்கோ ஓடுகிற நோ, காரணமில்லாத மூச்சிளைப்பு, குளிர்ந்த வியர்வை, சத்தி வருகிற மாதிரி, ஒருநாளும் இல்லாத களைப்பு: இப்படி ஏதும் வந்து அடங்காவிட்டால் 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். மணிக்கூடு என்ன நிறம் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். "அம்மாவை ஆர் பார்க்கிறது" என்று யோசித்து விடியும்வரை பொறுத்திருக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் இதை இப்போதே பேசி வையுங்கள்.

அந்த 87

இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி எல்லா நேரமும் ஒரே அளவாக இருப்பதில்லை. உடம்பு ஆறுதலாக இருக்கும்போது அது கூடியும் குறைந்தும் மாறும். உடம்பு உசாராக நிற்கும்போது அந்த மாற்றம் குறையும். மணிக்கூடு இதைக் கணக்குப் பண்ணித் தன்னுடைய அளவுகோலில் ஒரு இலக்கம் போடுகிறது. அந்தக் கணக்கு கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒரு மணிக்கூட்டின் 87ஐ இன்னொன்றின் 87ஓடு ஒப்பிட முடியாது. உங்கள் இதயம் பழுதா என்பதற்கு அது சாட்சியும் இல்லை.

உடம்பு உசாராக நிற்கப் பல காரணம் இருக்கலாம். சோளகக் காற்றில் காய்ந்து, தண்ணீர் குடிக்க மறந்து அடுப்படியில் நின்றாலும் இலக்கம் ஏறும். காய்ச்சலுக்கு ஏறும். சாயம் கூடின தேத்தண்ணிக்கு ஏறும். 46 வயதில், மாதவிடாய் நிற்கப்போகிற காலத்தில், திடீரென்று முகமும் நெஞ்சும் எரிகிற மாதிரி வெக்கை வந்து நித்திரை குழம்பினாலும் ஏறும். மாதவிடாயில் இரத்தம் கூடுதலாகப் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. போனால் இரத்தக் குறைவே படபடப்புக்குப் போதும். கிளினிக்கில் பிரஷரோடு ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சுகவனிதையர் கிளினிக் உங்கள் வயதுக்காரருக்காகத்தான் நடக்கிறது. "அம்மாவின் வருத்தத்துக்கு நடுவில் என்னுடையதைப் போய்ச் சொல்வதா" என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்ல வேண்டும்.

மணிக்கூடு ஓய்வில் இருக்கும்போது துடிப்பை ஓரளவு சரியாகவே எண்ணும். அம்மாவைத் தூக்குகிறபோது, உடுப்புப் பிழிகிறபோது, பட்டி தளர்ந்து ஆடுகிறபோது குழம்பும். தேங்காய் துருவினால் நடந்ததாகக் கணக்கு வைக்கும். நித்திரையில் பிழை வேறு பக்கம் போகும்: விழித்தபடி அசையாமல் படுத்திருந்தால் நித்திரை என்று எழுதிக்கொள்ளும். வாசலில் பாய் போட்டு, அம்மாவின் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடக்கிற ஒருவருக்கு அது 3 மணி 50 நிமிடம் என்று காட்டினால், உண்மை அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். வளர்ந்தவர்களுக்கு 7 மணித்தியாலமாவது வேண்டும்.

"நான்தான் பெலவீனமானவளோ" என்று கேட்டிருக்கிறீர்கள். 1995இல் அமெரிக்காவில் ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். மறதி வருத்தக்காரரைப் பராமரிக்கிற 13 பெண்களுக்கும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் போட்டு, ஆறும்வரை பார்த்தார்கள். பராமரிக்கிறவர்களுக்கு ஆற 9 நாள் கூடுதலாக எடுத்தது. 1999இல் வந்த இன்னொரு ஆய்வு, கணவனை அல்லது மனைவியைப் பராமரிக்கிற முதியவர்களை 4 வருடம் பின்தொடர்ந்தது. பராமரிப்பால் மனம் நொந்துபோனவர்களிடையே, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 வீதம் கூடுதலாக இருந்தது. அவர்கள் 66 வயது கடந்தவர்கள், உங்களுக்கு 46. அந்தக் கணக்கை அப்படியே உங்கள் தலையில் போட வேண்டாம். ஆனால் அதே ஆய்வில், பராமரித்தும் அந்த அளவுக்கு நோகாதவர்களிடம் அப்படி ஒரு கூடுதல் அபாயம் தெளிவாகத் தெரியவில்லை. பராமரிப்பு ஆளை அழிக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தாங்க முடியாத அளவில் ஒரு ஆளின் தலையில் விழுவதுதான் அழிக்கிறது.

இன்னொன்று. அம்மா "செல் வருது" என்றபோது உங்களுக்குத் துடிப்பு 112. மாத்தளனில் நின்ற ஒரு உடம்பு அந்தச் சொல்லுக்குத் துடிக்காமல் இருந்தால்தான் நான் யோசிப்பேன். அம்மாவின் நினைவு பின்னால் போகப் போக உங்களையும் கையைப் பிடித்து அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அம்மா எழுப்பாத இரவுகளிலும் அந்தக் கனவுகள் வருகின்றனவா, வெடிச் சத்தத்துக்குப் பகலிலும் உடம்பு நடுங்குகிறதா, அழக்கூட முடியாமல் மரத்துப்போய் இருக்கிறீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாத இரவில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

உங்கள் கையில் பதிவாவது அம்மாவின் இரவு

மணிக்கூட்டை எறிந்துவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கிய காரணம் இதுதான். நீங்கள் எழும்புவது அம்மா எழும்பும்போது. அப்படியென்றால் உங்கள் நித்திரைக் கோட்டில் முறிவு விழுகிற நேரங்கள் அம்மாவின் நோயைப் பற்றிச் சொல்கின்றன. அம்மாவின் டொக்டரிடம் "இரவில் நித்திரை கொள்ளுறா இல்லை" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? நித்திரைக் குளிசை எழுதுவார். "பொழுதுபட்டால் மூட்டை, பிறகு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழும்புறா" என்று காட்டினால் யோசிக்க ஒரு பிடி கிடைக்கும்.

இரண்டு கிழமைக்கு மணிக்கூட்டை இரவில் மட்டும் கட்டுங்கள். பக்கத்தில் மகளின் பழைய கொப்பி ஒன்று. காலையில் ஒரே ஒரு வரி: அம்மா எப்போது எழும்பினார், என்ன கேட்டார், சலம் போனாரா, நீங்கள் எப்படி இருந்தீர்கள். பராமரிப்பாளர்களின் உடல்நிலையைக் கருவிகளால் பின்தொடர்கிற ஆய்வுகளிலும் வெறும் இலக்கங்களோடு விடுவதில்லை. அன்றன்று என்ன நடந்தது, மனம் எப்படி இருந்தது என்று அவர்களையே கேட்பார்கள். துடிப்பு ஏறியது பயத்தாலா, பாரம் தூக்கியதாலா, பேரப்பிள்ளையோடு சிரித்ததாலா என்று கருவிக்குத் தெரியாது.

அந்தக் கொப்பியை வைத்து டொக்டர் பார்க்கக்கூடியவை பல. சலக்கிருமி முதியவரை ஒரே இரவில் குழப்பிவிடும். மலச்சிக்கல், மூட்டு நோ, பல் நோ எல்லாம் வாயால் சொல்லத் தெரியாதபோது அலைச்சலாக வெளியே வரும். சலம் போவதற்கான பிரஷர் குளிசையைப் பின்னேரத்தில் கொடுத்தால் சாமத்தில் எழும்பத்தான் செய்வார். மறதிக்குக் கொடுக்கிற டொனெபெசில் சிலருக்கு இரவில் போட்டால் நித்திரையைக் குழப்பிப் பயங்கரக் கனவுகளைத் தரும்; அப்படியானவர்களுக்குக் காலைக்கு மாற்றுவதுண்டு. டொக்டரைக் கேட்டுத்தான், நீங்களாக மாற்ற வேண்டாம். அப்புறம், பகல் முழுவதும் கதிரையில் தூங்குகிறவருக்கு இரவில் நித்திரை எங்கிருந்து வரும்? காலை வெயிலில் முற்றத்தில் அரை மணித்தியாலம் இருத்துங்கள், நெல்லோ பயறோ புடைக்கக் கொடுங்கள். சுத்தமாகப் புடைக்கிறாரா என்பது முக்கியமில்லை.

செய்யவே கூடாத ஒன்று: பிரிட்டோன் குளிசை. தடிமனுக்கு வாங்கி வைத்ததை நித்திரைக்காகக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. அந்த வகை மருந்து மறதி வருத்தக்காரரின் குழப்பத்தைக் கூட்டும், சலத்தை அடைக்கும், விழுத்தும். அலைச்சலை அடக்கக் கொடுக்கிற மனநோய் மருந்துகளுக்கும், மறதி வருத்த முதியவர்களில் இறப்பு அபாயம் கூடும் என்ற எச்சரிக்கையை 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் போட்டது. சில வேளை அவை தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, டொக்டரின் கண்ணுக்குக் கீழே.

மூட்டை கட்டும்போது "சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்" என்று விளக்காதீர்கள். அம்மாவுக்கு அது முடியவில்லை. "எல்லாரும் உள்ளுக்க வந்திட்டம் அம்மா, நானும் இருக்கிறன்" என்று சொல்லிப் பக்கத்தில் இருங்கள். அவருக்குத் தேவை சரியான திகதி இல்லை, பிள்ளைகள் பத்திரம் என்ற சொல். பொழுதுபடுமுன்பே வீட்டு லைற்றைப் போடுங்கள். கோயில் திருவிழாவில் வெடி போடுகிற நாட்களில் முன்கூட்டியே யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள்.

அண்ணா பார்ப்பது

பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் நித்திரையும் துடிப்பும் உங்களுடைய உடம்புத் தகவல். இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனியான, கூடுதல் பாதுகாப்புத் தேவையான வகையாகத்தான் பார்க்கிறது. ஆனால் அது நிறுவனங்களுக்கான சட்டம். வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் பார்ப்பதற்குள் அது வராது, வரவும் தேவையில்லை. ஆய்வு ஒன்றுக்காக யாராவது உங்கள் கையில் இதைக் கட்டியிருந்தால், எதை அளப்பார்கள், யார் பார்ப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றெல்லாம் எழுத்தில் சொல்லிக் கையொப்பம் வாங்கியிருப்பார்கள். அண்ணா உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாசத்தில் கேட்க மறந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது இருக்கிறபடியே விட்டால் அவருக்கு நிம்மதி, உங்களுக்கு இன்னொரு மேற்பார்வையாளர். கழற்றி எறிந்தால் கோபதாபமும், அம்மாவின் டொக்டருக்குக் காட்டக்கூடிய ஒரு சான்று போனதும்தான் மிச்சம். மூன்றாவது வழி, மணிக்கூட்டை வைத்துக்கொண்டு கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுவது. மகளுக்கு இது ஐந்து நிமிட வேலை: மணிக்கூட்டில் பதிந்திருப்பதைத் துப்பரவாக அழித்து, உங்கள் போனில் உங்கள் மின்னஞ்சலில் புதிதாகத் திறந்து, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டுகிறதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அண்ணாவுக்குக் கிழமைக்கு ஒருமுறை நித்திரைக் கணக்கை நீங்களே அனுப்புங்கள். நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஆனால் கணக்கு அனுப்புவதோடு நின்றால் பிரயோசனமில்லை. உங்கள் கணவருக்குத் தெரியும்: மூட்டை தூக்குகிறவன் பக்கத்தில் தராசைக் கொண்டுவந்து வைத்தால் பாரம் குறையாது, இன்னொருவன் வந்து மறு முனையைப் பிடிக்க வேண்டும். இலக்கம் கெட்டால் யார் என்ன செய்வது என்பதை முதலே பேசி வையுங்கள். கிளிநொச்சியில் ஆசிரியையாக இருக்கிற தங்கச்சியைப் பற்றி ஒரே ஒருமுறை, "அவளுக்கும் பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பரந்தனால் வந்தால் எவ்வளவு தூரம்? வெள்ளி இரவு வந்து ஞாயிறு போகலாம், மாதத்தில் இரண்டு கிழமை. 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கிற கடமையைப் பிள்ளைகள் எல்லோருக்கும் வைக்கிறது. வீட்டோடு இருக்கிற மகளுக்கு மட்டும் என்று அதில் இல்லை. வழக்குப் போடச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவர்களோடு பேசும்போது இது மனதில் இருக்கட்டும். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரையும் ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

மகளை இரவுக் காவலுக்கு விடாதீர்கள். உலக அளவில் மறதி வருத்தக்காரருக்கான பராமரிப்பு நேரத்தில் 70 வீதம் பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையையும் சேர்க்க வேண்டாம். ஒரு மாலை நேரம் பாட்டியோடு இருந்து கதைத்தால் போதும்.

அண்ணாவுக்கு என்ன சொல்வது என்று தடுமாறுகிறீர்கள். குரல் பதிவாக இப்படி அனுப்பிப் பாருங்கள்: "அண்ணா, மணிக்கூட்டை நான் எறியேல்லை. இரவில கட்டுறன். ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா நானே கணக்கு அனுப்புறன். பகலில ஏன் கழட்டினனி எண்டு கேக்காதேங்கோ, அம்மாவைக் கழுவித் துடைக்கிற நேரத்தில எனக்கு அது ஏலாது. மூண்டு இரவு தொடர்ந்து நாலு மணித்தியாலத்துக்குக் குறைய நித்திரை எண்டு காட்டினால், அடுத்த கிழமை ரெண்டு இரவுக்கு ஒரு ஆளை வைக்கிற காசு உங்கட பொறுப்பு. ஆளை நான் பிடிக்கிறன்." இதில் நன்றிகெட்டதனம் ஒன்றும் இல்லை. உண்மையில் அவர் மணிக்கூடு அனுப்பியபோது தேடியதும் இதைத்தான், என்ன செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கும் ஒன்று?

இப்போதைக்கு வேண்டாம். பழக்கமில்லாத பட்டியை அம்மா கழற்றி எங்காவது வைப்பார், நாளுக்கு நாள் சார்ஜ் போட வேண்டும், காட்டுக்கரையில் சிக்னல் போனால் இடம் காட்டாது. அதே காசில் கிணற்றுக்குக் கட்டும், கம்பி வலை மூடியும், வாசல் கதவுக்கு ஒரு மணியும், படலைக்கு அம்மாவின் கைக்கு எட்டாத உயரத்தில் கொழுக்கியும் போடச் சொல்லுங்கள். கதவை வெளியால் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். நெருப்புப் பிடித்தால் திறக்க ஆளில்லை. அம்மாவின் சட்டைகளில் உள்பக்கம் உங்கள் போன் இலக்கத்தைத் தைத்துவிடுங்கள். சந்திக் கடைக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் அம்மாவின் நிலையைச் சொல்லி வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மணிக்கட்டுச் சொறி பெரும்பாலும் வியர்வையும் சவர்க்காரமும் பட்டிக்குக் கீழே தேங்குவதால் வருவது. ஆறும்வரை அந்தக் கையில் கட்டாதீர்கள். பட்டியைத் தனியாகக் கழற்றிக் கழுவிக் காயவிட்டு, கையும் நன்றாக உலர்ந்தபின், மற்றக் கையில் இறுக்கமில்லாமல் இரவுக்கு மட்டும் கட்டலாம். பாமசியில் கேட்டு ஏதாவது கிறீம் பூச வேண்டாம். ஸ்டீரொயிட் கலந்ததைக் கொடுத்துவிட்டால், சொறி படர்தாமரையாக இருக்கும் பட்சத்தில் இன்னும் பரவும். ஒரு கிழமையில் ஆறாவிட்டால், அல்லது நீர் வடிந்தால், பிரஷர் பார்க்கிற டொக்டரிடமே கையைத் திருப்பிக் காட்டுங்கள்.